ஆறு

ஒல்ரனில் மூன்று நாள் பயிற்சி.
ரயில் நிலையத்துக்கு எதிரே நாலாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு இருக்கிறதாம்;
நவம்பர்ப் பனிமூட்டம்
அதை இன்னும் வெளியிடவில்லை.

முதல் நாள் விளிம்புகள்.
"நடுவில் எவரும் தடுக்கி விழுவதில்லை.
ஆறு வயது வரை இலவசம் என்று பலகை சொன்னால்
ஐந்து போடுங்கள், ஏழு போடுங்கள்,
கட்டாயம் ஆறு போடுங்கள்"
என்றார் திருமதி ஏஷ்பாகர்.
ஒவ்வொரு எண்ணுக்கும் மேசையில் ஒரு தட்டு.
ஆறு என்றபோது
கோப்பியைக் கையில் எடுத்தேன்.
குடிக்கவில்லை.

சென்ற பெப்ரவரியில்
எங்கள் மென்பொருள் ஓடுகிற ஒரு மலையில்
ஒரு சிறுமி, பிறந்தநாள் அன்று.
அம்மாவுக்குக் கதவு திறந்தது.
அவளுக்குத் திறக்கவில்லை.
தலைக்கவசத்துக்கு மேலே காகிதக் கிரீடம்.
பின்னால் வரிசை. யாரோ சிரித்தார்கள்.
'குறைவு' என்று எழுதிய இடத்தில்
'சமம்' என்று ஒரு குறி
விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

"யார் சோதித்தது?" என்றார் மேலாளர்,
பதினொரு பேர் இருந்த கூட்டத்தில்.
"பெஸ்னிக்" என்றேன்.
பொய்யில்லை. அவன்தான் சோதித்தான்.
வெளியீட்டுக்கு முதல்நாள் மாலை
மேலங்கியைப் போட்டுக்கொண்டே என் மேசைக்கு வந்து
"ஆறையும் ஒருக்காப் பார்க்கவா?" என்று
கேட்டதும் அவன்தான்.
"நேரமில்லை, விடு" என்றது
குழுத் தலைவி.
அந்தப் பதவி எனக்குக் கிடைத்து
அன்றைக்கு ஒன்பது நாள்.

இரண்டாம் நாள் தலைமைத்துவம்.
நடித்துக் காட்ட வேண்டும்.
எனக்குச் சோதிப்பவர் வேடம்.
கூரிலிருந்து வந்த காப்புறுதிக்காரர்
றெத்தோ என் மேலாளர்.
அட்டையைப் பார்த்து வாசித்தார்,
கொஞ்சம் வெட்கத்தோடு:
"யார் சோதித்தது?"
எனக்கு வாய் திறக்கவில்லை.
ஹீட்டர் இரண்டு தரம் முனகியது.
பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.
'அருமையான மௌனம்' என்று
பச்சைத் தாளில் எழுதி
என் பெயருக்குக் கீழே ஒட்டினார்கள்.
அதைப் பிய்த்துப் பையில் போட்டேன்.
இன்னும் இருக்கிறது, பழைய ரயில் ரசீதுகளோடு.

மூன்றாம் நாள் வழு அறிக்கை.
"ஆளின் பெயர் வேண்டாம்.
என்ன செய்தீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது.
இன்னொன்று:
திருத்தியவர் தானே மூடக்கூடாது.
கண்டவர் திரும்பச் சோதித்துத்தான் மூட வேண்டும்."
பயிற்சித் தாளில் எழுதினேன்:

செய்தது: கேள்வி வந்தது. பெயரைக் கொடுத்தேன்.
எதிர்பார்த்தது: 'நான்தான் விடச் சொன்னேன்' என்ற வாக்கியம்.
நடந்தது: அவன் மடிக்கணினியை மெல்ல மூடினான்.
பாதிப்பு:

அந்தக் கட்டத்தில்
ஒன்று முதல் நாலுக்குள் ஓர் எண் போட வேண்டுமாம்.
வெறுமையாகவே நீட்டினேன்.
திருமதி ஏஷ்பாகர் இரண்டு தரம் படித்தார்.
என் ஜெர்மனில் ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி
திருப்பித் தந்தார்.

பரீட்சை. நாற்பதில் முப்பத்தொன்று.
சான்றிதழ் தபாலில் வரும்.

நிலையத்தில் பழைய கல் ஒன்று நிற்கிறது,
பூச்சியம் என்று பொறித்து.
தண்டவாளத் தூரத்தை எல்லாம்
அதிலிருந்துதான் எண்ணத் தொடங்கினார்களாம்.
அதற்குப் பக்கத்தில் நின்று அவனை அழைத்தேன்.
சுற்றி வளைத்துச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.
அறிவிப்பு குறுக்கே வந்து
முன்னுரையைத் தின்றுவிட்டது.
நேராகச் சொன்னேன்.

அவன் பக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.
"என்ன நிலையில் பதிய?" என்றான்.
"திருத்தியாச்சு என்று."
"சரி. ஆனால் மூடமாட்டேன்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில்
பதினொரு பேரும் இருப்பார்கள்தானே,
அங்கே வைத்துத் திரும்பச் சோதிப்பம்."
குழாய் மறுபடி திறந்தது.

பேர்ண் ரயில் பாலத்தில் ஏறியது.
ஆறு தெரியவில்லை.
சக்கரங்களின் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் வேறாக இருந்தது.